குறைஞ்சிருக்கு, மிஸ்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் கிளினிக் இருக்கிறது. பிசியோதெரபி படித்து முடித்து, அதன்மேல் அக்குபங்சரில் ஒரு டிப்ளோமாவும் எடுத்துக்கொண்டு நான் அங்கே சேர்ந்த மூன்றாவது வாரமே ஒரு வேலை செய்தேன். வலி அட்டை என்று ஒன்றை நானே வரைந்து, அச்சடிப்பித்து, ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும் செருகினேன். பூச்சியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்க முடியாத வலி. ஒவ்வொரு முறை வரும்போதும் நோயாளி ஓர் எண் சொல்ல வேண்டும். நான் குறித்துக்கொள்வேன். பிறகு வீட்டுக்குப் போய் லப்டொப்பில் அந்த எண்களைக் கோடாக இழுப்பேன். கோடு கீழே இறங்கினால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கூட இறங்கும்.

கிளினிக்கை நடத்தும் டொக்டரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சிங்களப் பெண்மணி. தமிழ் கேட்டால் விளங்கும், கதைக்க வராது. அதனால் தமிழ் நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் என் சிகிச்சைக் கட்டிலுக்கே வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த அக்கா.

ஐம்பது வயது தாண்டியவர். கொட்டாஞ்சேனையில் வீடு. காலி வீதியிலுள்ள ஒரு சேலைக் கடையில் பத்தொன்பது வருடமாக விற்பனைக்கு நிற்கிறார். பிறந்தது ஹட்டன் பக்கம். கொழும்புக்கு வந்து முப்பது வருடமானாலும் பேச்சு மலையகத்துப் பேச்சாகவே இருந்தது. வலது தோள் இறுகிப்போய்க் கை பாதிக்கு மேல் எழும்பாமல் ஆறு மாதமாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். தலை வாரவும் பின்பக்கம் ஊக்குப் போடவும் மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், இருந்தது.

தோள் இறுகும் இந்த நோய் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடம் எடுக்கும், சில பேருக்கு இரண்டு. சீனி வருத்தம் இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் அசையும். ஊசி சிலருக்கு வலியைக் கொஞ்ச நாளைக்குக் குறைத்துக் கொடுக்கும். சிலருக்கு ஒன்றுமே செய்யாது. கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். வீட்டில் ஒவ்வொரு நாளும் செய்யும் பயிற்சியோடு சேர்ந்தால் பலன் உண்டு, தனியே நின்றால் நிலைக்காது. இதையெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

அந்த அக்காவிடம் நான் சொன்னது வேறு.

"ஆறு தரம் வாங்கோ அக்கா. மேல் தட்டில இருந்து நீங்களே சேலை இறக்குவீங்கள், பாருங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அவர் அதை நம்பினார் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு சின்னப் பெண் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாளே என்று அவருக்குப் பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

முதல் நாள் ஊசிக்குப் பயந்தார். தலைமயிரளவு மெல்லிய ஊசி, மருந்தூசி போல இராது, ஒரு சின்னக் குத்தல், பிறகு அந்த இடத்தில் ஒரு கனம் மாதிரி இருக்கும், இருபது நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும், சிலருக்கு நித்திரை வரும், சிலருக்கு அடுத்த நாள் சின்னதாய் ஒரு நீலம் படும் என்று விளக்கினேன். இவை உண்மை. சின்ன விஷயங்களில் நான் உண்மைதான் சொன்னேன். தோளைச் சுற்றிப் போட்டுவிட்டு, முழங்காலுக்குக் கீழே முன்காலில் ஒன்று போடப் போனேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தோள் இங்க இருக்கு, கால்ல குத்துறீங்க. வெலாசம் மாறிப் போச்சா மிஸ்?"

திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த இடுப்பு வலிக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஊசி எடுத்த பிறகு தோளை மெல்லப் பிடித்து இழுத்து, தோள் எலும்பைச் சுற்றி அசைத்து, கையை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். முடிந்ததும் எண்ணைக் கேட்டேன். வரும்போது எட்டு என்றவர், இப்போது ஏழு என்றார்.

அதற்குப் பிறகு ஆறு, ஐந்து, நான்கு, மூன்று. என் அட்டைகளிலேயே அழகான கோடு அவருடையதுதான். எப்படிக் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கட்டிலில் ஏறி உட்காரும் முன்பே பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் போய் நிற்பேன். "இண்டைக்குக் குறைஞ்சிருக்கும், என்ன?" என்பேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார். "குறைஞ்சிருக்கு, மிஸ்" என்பார். எவ்வளவு என்று கேட்பேன். போன முறை எத்தனை சொன்னேன் என்று அவர் திருப்பிக் கேட்பார். நான் சொல்வேன். அதிலிருந்து ஒன்றைக் கழித்துச் சொல்வார். அப்போது இதில் எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

கடையில் அவரை அந்த நாட்களில் பின்னறை மடிப்பு மேசையில் உட்கார்த்தியிருந்தார்கள். வாடிக்கையாளர் விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்ற சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்கும் வேலை. கையை மார்புக்கு மேலே தூக்கத் தேவையில்லை. ஐந்தாம் முறை வந்தபோது, பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னார். தோளுக்கு அது தோதான வேலை என்று நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கோ அது அவமானமாகப் பட்டது. பத்தொன்பது வருடம் முன்னால் நின்று சேலை உதறிக் காட்டிய மனுசியை மூலையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்களே என்று. அவர் கேட்கவேயில்லை. நானாகத்தான் கிளினிக் தாளை எடுத்து, இவருடைய வலி எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டது, வழமையான வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதி, கையெழுத்தும் வைத்து, கடிதவுறையில் போட்டுக் கொடுத்தேன். மேடத்திடம் காட்டவில்லை. அக்கா உறையைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது குடுக்கணுமா மிஸ்?"

"குடுங்கோ அக்கா. பயப்பிடாதேங்கோ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் என் பேச்சு. வலிக்கு அக்குபங்சரிலும் கைச் சிகிச்சையிலும் நோயாளிகள் எதை எதிர்பார்க்கலாம் என்பது தலைப்பு. நானே கேட்டு வாங்கிய வாய்ப்பு. அறுபது பேரளவில் வந்திருந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள், முதுகு வலிக்காரர்கள், அவர்களைக் கூட்டிவந்த பிள்ளைகள். திரையில் அந்த அக்காவின் கோட்டைப் போட்டுக் காட்டினேன். பெயர் போடவில்லைதான். ஆனால் அவரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீடு பக்கத்தில் என்பதால் நான் அழைத்திருந்தேன். நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்.

பேச்சுச் சூட்டில் அவரை மேடைக்குக் கூப்பிட்டேன். இது திட்டத்தில் இல்லாதது. கூச்சத்தோடு வந்து நின்றார். "கையைத் தூக்கிக் காட்டுங்கோ அக்கா" என்றேன்.

தூக்கினார். கை காதருகே போனது. மண்டபம் கைதட்டியது.

அந்தக் கை எப்படிப் போனது என்பதை அங்கே ஒருத்திதான் பார்த்தாள், அது நான். தோள்மூட்டு அசையவில்லை. முழுத் தோளையும் காதுக்கு ஏற்றி, இடுப்பை இடப்பக்கம் வளைத்து, உடம்பையே சரித்து அந்தக் கையை மேலே அனுப்பினார். மூட்டு இறுகியவர்கள் இப்படி ஏமாற்றித் தூக்குவார்கள், கவனித்துப் பிடிக்க வேண்டும் என்று முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருந்ததையும் கண்டேன். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். நானும் சேர்ந்து கைதட்டினேன்.

இதை எழுதும்போது விரல் நின்று நின்று போகிறது. தெரியாமல் செய்த பிழை என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். நான் பார்த்தேன்.

பிறகு தீபாவளி நெருங்கியது. அக்கா ஆறாம் முறைக்கு வரவில்லை. ஏழாம் முறைக்கும் வரவில்லை. கடையில் சனம் நெரியும் காலம், நேரமிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. அட்டையின் கடைசிக் கட்டத்தில் 'குணம்' என்று எழுதி, கோப்பை மேல் தட்டில் வைத்தேன். வராதவர்கள் எல்லோரும் சுகமானவர்கள் என்பது என் கணக்கு.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில் நான் அந்தக் கடைக்குப் போனேன். அம்மாவுக்குச் சேலை எடுக்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முன்னால் நின்று சேலை விரிப்பதைப் பார்க்கப் போனேன்.

பார்த்தேன். இடது கையால் நடுத் தட்டிலிருந்து இழுத்து, மார்பில் தாங்கி, மேசையில் போட்டார். சேலையின் ஒரு நுனியைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு நுனியை இடது கையாலேயே விரித்தார். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. உயரத்தில் இருந்து எடுக்கச் சொன்னால் பக்கத்தில் நின்ற பிள்ளை எட்டி எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்கு இது பழகிப்போயிருந்தது தெரிந்தது. கேட்க முன்பே கை நீட்டினாள்.

என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. நான் தன்னைப் பிடித்துவிட்டேன் என்ற மாதிரி. வாடிக்கையாளரை மற்றவளிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிச்சுக்கங்க மிஸ். வரலாமுன்னுதான் இருந்தேன். இந்தக் கையோட வந்தா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு வரல."

மூன்று எப்படி வந்தது என்று கேட்டேன். கேட்ட மாதிரியும் இல்லை, முனகிய மாதிரி.

"நீங்க பேனாவ வச்சுக்கிட்டு அவ்வளவு ஆசையா நிப்பீங்க மிஸ். எப்படி இல்லேன்னு சொல்றது? எங்க ஊர்ப் பக்கம் யாராவது நமக்காகக் கஷ்டப்பட்டா, கொஞ்சம் தேவலன்னு சொல்லித்தான் அனுப்புவோம்."

அன்று சேலை எடுக்கவில்லை. கிளினிக்குக்குத் திரும்பிப் போய்க் கோப்புகளையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். கொட்டாஞ்சேனைக்காரர், மட்டக்குளிக்காரர், பம்பலப்பிட்டியில் சமையல் செய்பவர் எல்லோருடைய கோடும் ஒரே சாய்வில் இறங்கியிருந்தது. முப்பது வெவ்வேறு உடம்பு ஒரே மாதிரிக் குறையாது. நான் கேட்ட கேள்விக்கு என் மனம் நோகாமல் அவர்கள் சொன்ன மறுமொழியைத்தான் இத்தனை மாதமும் வரைந்திருக்கிறேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை, மண்டபத்தை, நான் பார்த்ததை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். அந்தக் கடிதத்தில் கிளினிக்கின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் இப்போதே இன்னொன்று எழுது, நானும் கையெழுத்து வைக்கிறேன், நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

அடுத்த நாள் காலை கடை திறக்கும்போதே போனேன். முதலாளி தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் குடும்பத்து மனிதர். சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தார். என் கடிதத்தைப் படித்தார். மேசை லாச்சியை இழுத்துப் பழையதையும் எடுத்து, இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். அக்காவும் கடைப் பிள்ளைகளும் திரையெல்லாம் விலக்கி அன்றைய வேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும் தூரம்.

"ஏம்மா, இது செய்யலாங்குது, இது செய்யக் கூடாதுங்குது. இடையில இருபது நாளுதான். எனக்கு வேற மாதிரி தோணுது. தீவாளிக் கூட்டம் வந்ததும் இந்த அம்மாவுக்குக் கை வலி திரும்பிடுச்சா?"

அக்கா கையில் எடுத்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள் கூடச் சாட்டுச் சொல்லி லீவு கேட்டதில்லை என்று பெருமையாக என்னிடம் சொன்னவர். இப்போது அவர் பொய்க்காரியாகிவிட்டார், என் ஒரு கையெழுத்தால்.

இரண்டாவது கடிதத்தில் நான் கொஞ்சம் ஒளிந்திருந்தேன். மீள்பரிசோதனையில் நிலைமை மாறியிருப்பதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தேன். அந்த வசனத்தைச் சொல்லியே தப்பியிருக்கலாம். வாயில் வந்தும் விட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல ஐயா. அக்காட கை ஒருநாளும் சுகமாகேல்ல. முதல் கடிதம் எழுதேக்கையே சுகமில்ல. அவ கேட்கவும் இல்ல. நான் பெருமைக்கு எழுதினது."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். படிச்ச பிள்ளைங்க இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அது போதுமானதாக இருந்தது. பழைய கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அக்காவை மடிப்பு மேசைக்குப் போகச் சொன்னார்.

தீபாவளி முடிந்த வாரம் அவர் கிளினிக்குக்கு வந்தார். வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். அட்டையை வெளியே எடுக்கவில்லை. அவரை உட்காரவைத்து, முதல் நாள் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். ஒரு வருடம் எடுக்கலாம், கூடவும் எடுக்கலாம். முழுக்கத் தூக்க முடியாமலும் போகலாம். ஊசி வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், தணிக்காமலும் விடலாம். நாலைந்து தரத்தில் ஒரு பலனும் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்போம். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் வீட்டுப் பயிற்சியும் என் கையை விட முக்கியம்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வராம இருந்திருப்பேன்னு நெனச்சீங்களா மிஸ்?"

அப்போதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறதாம். மூன்றாம் நாள் பழையபடி. அந்த இரண்டு ராத்திரி நித்திரைக்காகத்தான் இரண்டு பஸ் ஏறி வந்தாராம். ஐந்து முறை வந்திருக்கிறார். அவருக்கு உண்மையிலேயே கிடைத்தது அது ஒன்றுதான். நான் ஒருமுறையாவது நித்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. என் அட்டையில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். கை எழும்பும் உயரம் ஒரு விரற்கடை கூடியிருக்கிறது என்று அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். அதற்கு மேல் சொல்வதில்லை.

ஆனால் மண்டபம் என்னை விடவில்லை. அன்று வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை ஒருவர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இரண்டு மாடியும் ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தார். அவருக்கும் தோள்தான். நான் இப்போது எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். காலம் எடுக்கும், குறையலாம், குறையாமலும் போகலாம் என்று. அவர் நம்பாமல் தலையை ஆட்டினார்.

"என்ன மிஸ் இப்படிச் சொல்றீங்க? அன்னைக்கு அந்தம்மா தூக்கிச்சே. நானே கண்ணால பார்த்தேன்."

"அவவால தூக்க ஏலாது ஐயா" என்றேன். "அண்டைக்கும் ஏலாது. நான் தூக்கச் சொன்னபடியால் தூக்கினவ."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சட்டையின் மேல் பொத்தானை ஒற்றைக் கையால் கழற்ற முயன்றுகொண்டே, அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு என்று கேட்டார்.